தாய் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் கல்லூரியின் பெருமைகளைப் பேசப் பலர் இருக்கிறார்கள். என்னிடம் செயற்குழு கேட்டது வேறு. “உங்கள் தொழிலில் இன்று உங்களை யோசிக்க வைக்கும் ஒரு விடயத்தைச் சொல்லுங்கள்” என்றார்கள். எனவே கர்ப்பிணித் தாய்மாரும் தடுப்பூசியும் என்ற விடயத்தை எடுத்துக்கொண்டேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் நாளை தாயாகப் போகிறவர்கள். பலர் தாய்மார். இன்னும் பலர் அம்மம்மாக்கள், அப்பம்மாக்கள், மாமியார்கள். ஒரு கர்ப்பிணி ஊசி போடுவதா இல்லையா என்று தீர்மானிக்கும்போது அந்த வீட்டில் பேசுகிற குரல்கள் எல்லாம் இந்த மண்டபத்தில் இருக்கின்றன.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரின் கீழ் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதுக்கள் என்ற முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. எங்கள் சங்கத்துக்கு நூறு வயதாகும் வேளையில் அந்த முறைக்கும் நூறு வயதாகிறது. 1940 களின் முற்பகுதியில் இந்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது முப்பது அளவுக்கு வந்திருக்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பெண்களின் கல்வி அவற்றில் முதன்மையானது. இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

முதலில் ஏற்புவலியைப் பற்றிச் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்கு நாம் வழமையாகப் போடும் ஊசி இதற்கானதுதான்.

ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். துருப்பிடித்த கத்தியாலோ கழுவாத மூங்கில் சீவலாலோ தொப்புள்கொடியை வெட்டினால், அல்லது வெட்டிய இடத்தில் சாம்பலோ சாணமோ பூசினால், கிருமி குழந்தையின் உடலுக்குள் போய்விடும். பிறந்து இரண்டு மூன்று நாட்கள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, ஒரு வாரம் ஆகும்போது வாயைத் திறக்க முடியாமல் தவிக்கும். உடல் விறைக்கும். தொட்டாலும் ஓசை கேட்டாலும் வலிப்பு வரும். ஸ்கொட்லாந்துக்கு அப்பால் உள்ள சென் கில்டா என்ற சிறு தீவில் 19 ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படியே இறந்தன. அங்குள்ளவர்கள் அதை ‘எட்டு நாள் நோய்’ என்றார்கள். கடவுளின் சித்தம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

1960 களில் பப்புவா நியூகினியிலும் கொலம்பியாவிலும் நடந்த ஆய்வுகள் ஓர் எளிய உண்மையைக் காட்டின. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போட்டால் குழந்தை பாதுகாக்கப்படுகிறது. தாயின் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தின் வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றன. கடைசி மூன்று மாதங்களில்தான் அவை அதிகமாகப் போய்ச் சேர்கின்றன. தாய் தன் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கும் முதல் கட்டுச்சோறு என்று இதைச் சொல்லலாம். குழந்தைக்கு ஏற்புவலிக்கு எதிரான ஊசி முதன்முதலாக இரண்டாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. அதுவரை அந்தக் கட்டுச்சோற்றில்தான் அது வாழ வேண்டும்.

இலங்கையில் 1969 இல் கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1978 இல் விரிவாக்கப்பட்ட நிர்ப்பீடனத் திட்டம் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 1988 இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங் குழந்தைகள் ஏற்புவலியால் இறந்தன. 2018 இல் அந்த எண்ணிக்கை 25,000 அளவுக்குக் குறைந்தது. இன்று கண்டியிலோ பேராதனையிலோ மருத்துவம் படிக்கும் மாணவி இந்த நோயைப் புத்தகத்தில்தான் படிக்கிறாள்.

இந்த வெற்றியே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. நோயை யாரும் கண்ணால் காண்பதில்லை. ஊசியைத்தான் காண்கிறார்கள். நோய் இருந்த காலத்தில் பயம் நோயின் மேல் இருந்தது. நோய் போன பின்பு அந்தப் பயம் ஊசியின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து. கர்ப்ப காலத்தில் கண்டதையும் உடலுக்குள் விடாதே என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே மருத்துவம்தான். 1957 இல் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கு நல்லது என்று கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். 1961 இன் இறுதியில் அதை நிறுத்துவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால்கள் வளராமல் பிறந்திருந்தன. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் மருத்துவர், “சான்று போதாது” என்று சொல்லி அனுமதி கொடுக்காமல் பிடிவாதமாக இருந்தார். அதனால் அந்த நாடு பெருமளவுக்குத் தப்பியது. ஆகவே, “இது என் பிள்ளைக்குப் பாதுகாப்பானதா?” என்று கேட்கும் பெண் கெல்சி கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறாள். கேட்பது நல்லது. கேட்டுவிட்டுப் பதிலையும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளினிக்கில் என் காதில் விழும் கேள்விகள் பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, “டொக்டர், இந்த ஊசி வயிற்றில இருக்கிற பிள்ளைக்கு ஏதும் செய்யுமா?”

தடுப்பூசிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கும். ருபெல்லா, சின்னமுத்து ஊசிகள் அப்படிப்பட்டவை. அவற்றை நாங்கள் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. மற்ற வகையில் உயிருள்ள கிருமி இல்லை. ஏற்புவலி, இன்புளுவென்சா ஊசிகள் அந்த வகை. அவை குழந்தைக்கு நோயை உண்டாக்க முடியாது. கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் இலேசாகக் காய்ச்சல் இருக்கும். மிக அரிதாக ஒவ்வாமை வரலாம். அதனால்தான் போட்டவுடன் போகவிடாமல் சற்று நேரம் இருக்கச் சொல்கிறோம். இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டால் தாய்க்கு நம்பிக்கை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இதில் ருபெல்லாவைப் பற்றித் தங்கைமார் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 இல் நோர்மன் கிரெக் என்ற அவுஸ்திரேலியக் கண் வைத்தியர், பிறக்கும்போதே கண்ணில் புரை கொண்ட குழந்தைகள் பலர் தன்னிடம் வருவதைக் கவனித்தார். அவர்களின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ருபெல்லா வந்திருந்தது. கண், காது, இருதயம் மூன்றையும் தாக்கும் நோய் அது. கர்ப்பமான பின் இந்த ஊசி போட முடியாது. முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். அதற்காகவே 1996 இல் இலங்கையில் பெண்களுக்கு ருபெல்லா ஊசி அறிமுகமானது. சில பாதுகாப்புகளைத் தாயாவதற்கு முன்பே தேடிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வியை யாரும் உரத்துக் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். “இதைப் போட்டா இனிமே பிள்ளை தங்காதுன்னு சொல்றாங்களே, உண்மையா?”

இந்த வதந்திக்கு நாட்டெல்லை இல்லை. 2014 இல் கென்யாவில் பெண்களுக்கு ஏற்புவலி ஊசி போட்டபோது, அதில் மலட்டு மருந்து கலந்திருக்கிறது என்று கத்தோலிக்க ஆயர்களே குற்றஞ்சாட்டினார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அதை மறுத்தன. எங்கள் நாட்டில் 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலந்த கறி என்று ஒரு வதந்தி கிளம்பியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். ஆனால் அதற்குள் மார்ச் மாதத்தில் திகனையிலும் தெல்தெனியாவிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த வன்செயலுக்கு உடனடிக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் முன்னரே பரவியிருந்த பயம் எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது என்பது கண்டியில் வாழ்ந்த நமக்குத் தெரியும். ஊரடங்குச் சட்டம், அவசரகாலச் சட்டம் எல்லாவற்றையும் நாம் பார்த்தோம். இந்தச் சபையில் தமிழ் அக்காமாரும் முஸ்லிம் சகோதரிகளும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்து படித்தவர்கள். பெண்ணின் கருப்பையைப் பற்றிய ஒரு பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோட்டப் பகுதிகளில் இந்தப் பயத்துக்கு இன்னுமொரு பழைய வேர் இருக்கிறது. 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. என்ன செய்யப்படுகிறது என்ற முழு விளக்கமும் கிடைக்காமலே சம்மதித்ததாகத் தோட்டப் பெண்கள் பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாட்டிமார் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள். பேத்தி கர்ப்பமாகி ஊசிக்குப் போகும்போது, “எதுக்குன்னு கேட்டுட்டுப் போடு” என்று அவர்கள் சொன்னால் அது மூடநம்பிக்கை ஆகாது. பட்ட அனுபவம் அது. அதற்கு நாம் கொடுக்கக்கூடிய பதில் ஒன்றுதான். எதற்கு என்று அவளுடைய மொழியில் சொல்ல வேண்டும். அதோடு இதையும் சொல்லலாம்: 1969 முதல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட தாய்மாருக்கு மறுபடியும் பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தன. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான்.

மூன்றாவது வகையில் கேள்வியே இருக்காது. “மாமி வேணாங்கிறாங்க”, “உம்மா சொன்னாங்க, அவங்க காலத்துல இதெல்லாம் இல்லையாம்”, “அவர் வெளிநாட்டில, போன்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்பார்கள். தீர்மானம் அந்தப் பெண்ணின் கையில் இல்லை. அப்போது அவளோடு வாதாடிப் பயனில்லை. “அடுத்த முறை மாமியையும் கூட்டிட்டு வாங்க” என்பதே நல்ல மருந்து. வந்த மாமியாரை உட்கார வைத்து, அவருக்கு மரியாதை கொடுத்து விளக்கினால், திரும்பிப் போகும் வழியிலேயே அவர் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லிவிடுவார்.

நான்காவதற்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ மடுல்கலையிலோ மலைமேல் டிவிஷனில் இருக்கும் பெண் கிளினிக்குக்கு வர வேண்டுமானால் அன்றைய பேர் போகும், குறைந்தது அரைப்பேராவது போகும். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. மூத்த பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட வேண்டும். அங்கே வந்தால் பேசுகிற மொழி புரியாது. கையில் கொடுக்கிற அட்டையில் எழுதியிருப்பதும் புரியாது. அவள் வராமல் விட்டால் நாம் ‘தடுப்பூசியில் தயக்கம்’ என்று பதிவு செய்கிறோம். அவளுக்குத் தயக்கம் இல்லை. வழிதான் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு குடும்பநல மாது இருக்கும் இடத்தில் பாதிக் கேள்விகள் கேட்கப்படுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன.

இனி 2021 ஆம் ஆண்டுக்கு வருகிறேன். கொவிட் தடுப்பூசி ஜனவரி மாத இறுதியில் இலங்கைக்கு வந்தது. ஆனால் அதைப் பரிசோதித்த ஆரம்ப ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. தலிடோமைட்டுக்குப் பிறகு உலகம் பழகிக்கொண்ட எச்சரிக்கை அது. அதன் விளைவு என்னவென்றால், கர்ப்பிணி வந்து “பாதுகாப்பானதா?” என்று கேட்டபோது உலகின் எந்த வைத்தியரிடமும் முழுமையான பதில் இல்லை. மே மாதம் டெல்டா வகைக்கு முந்திய அலையிலேயே இந்நாட்டில் கர்ப்பிணிகள் இறக்கத் தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் கர்ப்பிணிகளுக்குச் சைனோபாம் ஊசி போட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இன்னும் கடுமையாக இருந்தன. இங்கிலாந்தில் அதே காலத்தில், ஜூலை முதல் செப்டெம்பர் வரை, நுரையீரலின் வேலையை இயந்திரம் செய்ய வேண்டிய நிலைக்கு வந்த மிக மோசமான கொவிட் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஊசி போடாத கர்ப்பிணி என்று அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை அறிவித்தது.

அந்த மாதங்களில் ஒரே வீட்டில் மாமனார், மாமியார், கணவன் எல்லோரும் ஊசி போட்டிருப்பார்கள். கர்ப்பிணிக்கு மட்டும் “பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்று சொல்லியிருப்பார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் வயிறு பெருக்கப் பெருக்க நுரையீரலுக்கு இடம் குறைகிறது. இருதயத்துக்கு வேலை கூடுகிறது. 2009 இல் வந்த எச்1என்1 இன்புளுவென்சாவிலும் கர்ப்பிணிகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வீட்டில் முதலில் காக்க வேண்டியவளைக் கடைசியில் வைத்துவிட்டோம். ஊசி போடாமல் இருப்பதும் ஒரு தீர்மானம்தான், அதற்கும் விலை உண்டு என்பதை அந்த ஆண்டு எங்களுக்குக் கற்பித்தது.

வெளிநாடுகளில் இருந்து இந்த மலரைப் படிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கும் நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஊசிகளின் பட்டியல் எங்களுடையதைவிட நீளமானது. இங்கிலாந்தில் 2012 இல் கக்குவான் பரவிப் பச்சிளங் குழந்தைகள் இறந்தபோது, கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் ஊசி போடத் தொடங்கினார்கள். குழந்தைகள் காப்பாற்றப்பட்டன. பிறகு மெல்ல மெல்ல ஊசி போடுபவர்கள் குறைந்தார்கள். 2024 இல் மறுபடியும் கக்குவான் பரவியது. மறுபடியும் குழந்தைகள் இறந்தன. அதே ஆண்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்எஸ்வி கிருமிக்கு எதிரான ஊசியும் அங்கே கர்ப்பிணிகளுக்கு அறிமுகமானது. “ஊரில் இதெல்லாம் போடுவதில்லையே, நமக்கு எதற்கு?” என்று உங்கள் மகளோ மருமகளோ கேட்டால், அங்குள்ள மருத்துவிச்சியிடம் அவளை அழைத்துப்போய்க் கேட்க வையுங்கள். இங்கிருந்து வட்ஸ்அப்பில் வருகிற குரற்பதிவை நம்பித் தீர்மானிக்க வேண்டாம்.

தடுப்பூசியால் ஒருபோதும் எதுவும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் குழந்தைகளுக்கு ஐங்கூட்டு ஊசி அறிமுகமானது. சில குழந்தைகளின் இறப்பைத் தொடர்ந்து ஏப்ரல் மாதத்தில் அதை நிறுத்தினார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்தார்கள். ஊசி காரணம் அல்ல என்று தெளிவான பின்பு 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். நிறுத்தத் தெரிந்த ஒரு முறையை நம்பலாம். எதையும் ஒளிக்காமல் ஆராய்ந்து சொல்லும்வரை நம்பிக்கை இருக்கும். ஒளிக்கத் தொடங்கினால் எத்தனை விளம்பரம் செய்தாலும் அது திரும்பி வராது.

இனி, பழைய மாணவிகளாகிய நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும், பாடசாலையில் ஏழாம் வகுப்பில் போட்ட ஊசியின் பதிவையும் சாதகக் குறிப்பைப் போல வைத்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் ஊசிகள் முழுமையாகப் போட்டதற்குச் சான்று இருந்தால் முதற் கர்ப்பத்தில் ஓர் ஊசி போதுமாகலாம். சான்று இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்து போட வேண்டிவரும்.

இரண்டு, ஆறாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு எச்பிவி ஊசிக்கான சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும். 2017 முதல் அது பாடசாலைகளில் கொடுக்கப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது. அதற்கும் அதே மலட்டு வதந்தி உண்டு. கடிதத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்ப முன், ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்.

மூன்று, உங்களில் ஆசிரியைகள் இருக்கிறீர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறீர்கள், தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். கிளினிக் நாட்களில் மாதத்துக்கு ஒரு காலைப்பொழுது எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு உதவ முன்வந்தால், மலைமேலிருந்து வரும் ஒரு தாய் தன் கேள்வியைத் தன் வாயாலேயே கேட்கலாம். சங்கம் இதை நூற்றாண்டுத் திட்டங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று செயற்குழுவைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மண்டபமும் மணிக்கூட்டுக் கோபுரமும் கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு.

நான்கு, தெரியாததை அனுப்பாதீர்கள். உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நீங்கள் ‘படித்த அக்கா’. நீங்கள் அனுப்பும் செய்திக்கு உங்கள் பெயரின் பெறுமதியும் சேர்ந்து போகிறது.

சகோதரிகளே, ஒரு கர்ப்பிணி ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது பெரும்பாலும் முடிவு அல்ல. ‘எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை’ என்பதன் சுருக்கம் அது. இந்தக் கல்லூரி எங்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது. அதே துணிவை, அந்த வாய்ப்புக் கிடைக்காத பெண்ணுக்கும் கொடுப்போம். அவள் கேட்கட்டும். நாம் அவள் அருகில் இருந்து, அவள் மொழியில் பதில் சொல்வோம்.